முந்நூறு வீடு பார்த்த மூர்த்தி

ஏரம்பமூர்த்திக்கு வீடு பார்க்கிற பைத்தியம் பிடித்து இருபது வருஷமாகிறது. வாங்குகிற பைத்தியம் கிடையாது, பார்க்கிறதோடு சரி. ஆக்லாந்தில் சனி ஞாயிறு வந்தால் தெருமுனைகளில் கொடி நட்டு, விற்கப்போகிற வீடுகளை அரைமணி நேரம் திறந்துவிடுவார்கள். ஓப்பன் ஹோம் என்று பெயர். யாரும் போகலாம். வாசலில் நிற்கிற ஏஜெண்டிடம் பெயரையும் ஃபோன் நம்பரையும் சொல்லி, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், முன்பின் தெரியாத ஒருவருடைய படுக்கையறை அலுமாரியைத் திறந்து பார்க்கலாம். இப்படி ஒரு வசதியை ஒரு நாடு சும்மா கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல மூர்த்தி ஆள் இல்லை.

சமையலறை மேடை பளிங்கா, தரை புதுசா என்பதெல்லாம் அவருக்கு அநாவசியம். இந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன வேலைக்குப் போனார்கள், ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது தெரிந்தாகவேண்டும். ஒருமுறை பொன்சன்பியில் ஒரு பழைய மரவீடு. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் கட்டியது. முன்னறையில் தொங்கிய விளக்கு மட்டுமே மூர்த்தியின் காரைவிட விலை கூடியதாக இருக்கும். அந்த வீட்டில் ஒரு காலத்தில் அறைக்கொன்றாக நாலு குடும்பம் இருந்ததாகவும், எல்லோரும் கப்பலில் வந்து இறங்கித் துறைமுகத்திலும் தோல் பதனிடும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் என்றும் வாசலில் நின்ற ஏஜெண்ட் பெண் போகிறபோக்கில் சொல்லிவிட்டாள். இப்போது அங்கே இருப்பது ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு நாய். நாலு குடும்பமும் ஒரே அடுப்பில் எப்படிச் சமைத்தது என்ற கேள்வி மூர்த்தியை ஒரு வாரம் படுத்தியது.

அது அவருக்குத் தெரியாத சமாசாரமும் இல்லை. 2001-இல் மனைவி அன்னத்தோடும் ஆறு வயது மகன் ஆரணனோடும் இந்த ஊரில் வந்து இறங்கியபோது அவர்களும் மூன்று குடும்பமாக ஒரு வீட்டில்தான் இருந்தார்கள். யார் எந்த நேரம் அடுப்பைத் தொடலாம் என்று ஒரு அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. அந்த அட்டவணையால் வந்த சண்டையில் ஒரு குடும்பம் இன்றுவரை இவர்களோடு பேசுவதில்லை. ஆனாலும் நூறு வருஷத்துக்கு முந்தினவர்களும் அட்டவணை போட்டார்களா, சண்டை பிடித்தார்களா என்று தெரியாமல் அவருக்கு மனம் ஆறவில்லை.

யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்தவர் மூர்த்தி. இங்கே அந்தப் படிப்பை யாரும் சீந்தவில்லை. மங்கரேயில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள சரக்குக் கொட்டகையில் வேலை கிடைத்தது. விமானத்தில் ஏற்றும் பெட்டிகளைத் தட்டில் அடுக்கி வலைபோட்டு இறுக்குகிற வேலை. இப்போது அறுபத்துமூன்று வயது. இருபத்துநாலு வருஷமாக அதே கொட்டகை, அதே வலை. வேறொருவர் என்றால் சலித்துச் செத்திருப்பார். மூர்த்திக்கு அங்கேயும் வேடிக்கை குறையவில்லை. உயிரோடு மீசையை ஆட்டிக்கொண்டு சீனாவுக்குப் போகும் சிங்கி இறால், விமானம் ஏறும் பந்தயக் குதிரை, குதிரைக்குத் துணையாகப் போகிற ஆள் எல்லாவற்றையும் விசாரிப்பார். குதிரைக்கு விமானத்தில் என்ன சாப்பாடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

அந்த வீடு மவுண்ட் வெல்லிங்டனில் இருக்கிறது. பலகைச் சுவரும் ஓட்டுக் கூரையும் இரண்டு படுக்கையறையும் கொண்ட வாடகை வீடு. பக்கத்து ஆலைகளில் வேலை செய்தவர்களுக்காக ஐம்பதுகளில் கட்டியது. பத்தொன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறார்கள். மகன் வளர்ந்து வேலை கிடைத்துத் தனியாகப் போய்விட்டான். வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கிற சின்ன அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் ஷிஃப்ட் நேரங்கள் எழுதியிருப்பதை மூர்த்தி குடிவந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். மூன்று வேறு கையெழுத்து. அன்றிலிருந்து தோண்டத் தொடங்கினார். இன்னும் இந்த விலாசத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு கடிதத்தை வைத்து, முதலில் இருந்தவர் ஹாலந்திலிருந்து வந்த தச்சர் என்று தெரிந்தது. பிறகு டோங்காவிலிருந்து வந்த குடும்பம், இறைச்சி ஆலையில் வேலை. ஆலையை மூடியதும் அவர்கள் தெற்கே போய்விட்டார்கள். நடுவில் இருந்த கையெழுத்து யாருடையது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஓய்வு கிடைக்கும்போது அந்த நடு ஆளைப் பற்றி அவர் யோசிப்பார்.

அன்னத்துக்கும் இந்த ஊரில் தொழிற்சாலை வேலைதான். பிஸ்கட் பொதி செய்யும் இடத்தில் பதினான்கு வருஷம் நின்றபடி வேலை செய்தார். பிறகு கண் போனது. முதலில் இடது கண், மூன்று வருஷம் கழித்து வலது. இப்போது வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டுக்குள் அவர் நடமாடுவதைப் பார்க்கிற யாரும் கண் தெரியாதவர் என்று சொல்லமாட்டார்கள். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினொரு எட்டு. அடுப்புக்கு இடப்பக்கம் உப்பு, வலப்பக்கம் மிளகாய்த்தூள். தெருமுனை டெய்ரிக் கடைக்குப் போய்ப் பால் வாங்கிவருவார், பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்வருவார், எல்லாம் தனியாக. தெருவில் எந்த நடைபாதைக் கல் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பது அவருடைய காலுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூர்த்தி திரும்பி வந்ததும் தேநீர் போட்டுக் கொடுப்பார். அன்று பார்த்த வீட்டை மூர்த்தி வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அறையாகச் சொல்வார். "ஐஞ்சு குளியலறை அன்னம். ஆனா முழு வீட்டுக்கும் ஒரே ஒரு பல்லுத் தீட்டுற பிரஷ்தான் இருந்தது. எப்பிடி?" என்பார். "புருஷன் விட்டிட்டுப் போயிருப்பான்" என்பார் அன்னம். இப்படி முந்நூறு வீட்டுக்கு மேல் சொல்லியாயிற்று.

இந்த ஏற்பாட்டுக்குத்தான் இந்த வருஷம் மார்ச்சில் வேட்டு விழுந்தது. வீட்டுச் சொந்தக்காரர் இறந்துபோக, பிள்ளைகள் வீட்டை விற்பதென்று முடிவெடுத்தார்கள். விற்பனையைக் கவனிக்க ரஷ்மி என்ற ஏஜெண்ட் வந்தாள். சிரித்த முகம், நல்ல பெண்தான். வாடகைக்குக் கொடுக்கும் எண்ணத்தில் யாராவது வாங்கினால் நீங்கள் இருந்தபடியே இருக்கலாம், குடிவருகிறவர்கள் வாங்கினால் நாற்பத்திரண்டு நாளில் காலி செய்யவேண்டிவரும் என்று விளக்கினாள். மூன்று ஞாயிறு ஓப்பன் ஹோம், அதற்கடுத்த புதன் ஏலம்.

மூர்த்திக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தனக்காகப் பயப்படவில்லை, அவர் கூடாரத்திலும் இருப்பார். ஆனால் புது வீட்டில் அன்னம் சுவரைத் தடவித் தடவி, எதிலோ மோதி, பிறகு பயந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாரே என்று நினைத்தார். இந்த வீட்டில் ராணி மாதிரி நடக்கிறவர், இன்னொரு வீட்டில் ஒரு கோப்பை தண்ணீருக்குத் தன்னைக் கூப்பிடவேண்டிவரும். அதைப் பார்க்க அவரால் முடியாது. எப்படியாவது குடிவருகிறவர்கள் கையில் வீடு போகக்கூடாது என்று முடிவு கட்டினார்.

இந்த விஷயத்தில் ஆக்லாந்தில் அவரைவிடத் தேர்ந்த ஆள் யார்? வாடகைக்கு விடப்போகிறவன் கூரையைப் பார்ப்பான், மின்சாரப் பெட்டியைப் பார்ப்பான், பத்து நிமிஷத்தில் போய்விடுவான். குடிவரப்போகிறவள் சமையலறைத் தொட்டிக்கு முன்னால் நின்று ஜன்னல் வழியே வெளியே பார்ப்பாள். அப்படி ஒரு பெண் நின்றுவிட்டால் வீடு போனமாதிரிதான். இருபது வருஷமாகப் பார்த்துவைத்த கணக்கு, தப்பாது.

பார்க்க ஆட்கள் வருகிற வீட்டில் காப்பி வாசனையோ அப்போதுதான் சுட்ட பாண் வாசனையோ இருந்தால் நல்லது என்று ரஷ்மி சொல்லியிருந்தாள். முதல் ஞாயிறு காலை பத்தேமுக்காலுக்கு மூர்த்தி கட்டாக் கருவாடு பொரிக்கத் தொடங்கினார். ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் பொரித்தார். அன்னம் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "உங்களுக்கு வெக்கமில்லையே?" என்று கேட்டாலும் சிரிப்பை அடக்கமுடியவில்லை. பதினொரு மணிக்குப் புகை எச்சரிக்கை மணி அலறியது. ரஷ்மி ஓடிவந்து கதவு ஜன்னலெல்லாம் திறந்தாள். குடியிருக்கிறவர் சமைப்பதைத் தடுக்க அவளுக்குச் சட்டமில்லை, அது மூர்த்திக்கும் தெரியும். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கைக்குழந்தையோடு நடைவழி வரை வந்து, "சுவாரசியமான வாசனை" என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். கூரையை மட்டும் பார்த்துவிட்டுப் போன இரண்டு பேருடைய பெயரை மூர்த்தி மனத்தில் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் ஞாயிறும் கருவாடுதான். அன்று கடைசியாக ஒரு இளம் தம்பதி வந்தார்கள். நடைவழியில் கால் வைத்ததும் அந்தப் பையன் மூக்கை உறிஞ்சினான்.

"கருவாடா? அஞ்சனா, கருவாடுடி!" என்று உரக்கச் சொன்னான்.

மூர்த்தி கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். உலகத்தில் உள்ள எல்லாரையும் விரட்டத் திட்டம் போட்டவர் சொந்தச் சாதிசனத்தை மறந்துவிட்டார். மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள். மனோஜ் கம்ப்யூட்டர் வேலை, அஞ்சனா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தகனினியில் புதுசாகக் கட்டிய, சுவரோடு சுவர் ஒட்டிய வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறார்களாம். வேலைக்கு மோட்டர்வேயில் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. அஞ்சனாவுக்கு ஐந்து மாதம். வாசல் கிழக்குப் பார்த்திருக்கிறது என்று அவர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தது மூர்த்தியின் காதில் விழுந்தது. நடைவழி அலுமாரிக்குள் அன்னம் வைத்திருந்த சாமிப் படங்களைக் கண்டதும் அஞ்சனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு நேரே சமையலறைக்குப் போனாள். தொட்டிக்கு முன்னால் நின்றாள். ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள்.

போச்சு என்று மூர்த்தி பின்வளவுக்கு வந்துவிட்டார். அன்னம் கொடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மனோஜும் அஞ்சனாவும் ரஷ்மிக்குத் தெரியாமல் மெல்லப் பின்னால் வந்தார்கள்.

"அங்கிள், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்று மனோஜ் தயங்கினான். "பில்டர் ரிப்போர்ட் பாத்துட்டோம். கவுன்சில் ஃபைலும் பாத்துட்டோம். எல்லாம் ஓகே. ஆனா அதுலயெல்லாம் எழுதாத விஷயம்னு ஒண்ணு இருக்குல்ல? வீடு ராசியா?"

முந்நூறு வீடு பார்த்தவர் மூர்த்தி. சீனர், குஜராத்தி, சமோவாக்காரர், வெள்ளைக்காரர் என்று எத்தனையோ பேர் ஏஜெண்டுகளைத் துருவித் துருவிக் கேட்டதை ஒட்டுக்கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியை இப்படிக் குடியிருக்கிறவனிடம் வந்து கேட்ட ஆளை அவர் கண்டதில்லை. நூறு பக்க ரிப்போர்ட்டை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு கிழவனின் வாய்ச்சொல்லை நம்பி முப்பது வருஷ மார்ட்கேஜ் போட எங்கள் பிள்ளைகளைத் தவிர வேறு யாரால் முடியும்?

அஞ்சனா இன்னும் கொஞ்சம் நெருங்கிவந்து குரலைத் தாழ்த்தினாள். "ஆன்ட்டி கையால தடவித் தடவி கிளிப் போடுறத ஜன்னல் வழியா பாத்தேன் அங்கிள். கண்ணு தெரியாதா? எப்பேர்ந்து? இந்த வீட்டுக்கு வந்த அப்புறமா? கொழந்தை பொறக்கப்போகுது, அதான் கேக்குறேன்."

அவள் கை வயிற்றின்மேல் இருந்தது. கேட்கக் கூசினாள் பாவம், ஆனாலும் கேட்டுவிட்டாள்.

மூர்த்திக்கு அந்த நொடியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. இந்த வீட்டுக்கு வந்து பத்தாம் வருஷம் இடது கண் போனது. பதின்மூன்றாம் வருஷம் வலது கண். தேதி சரி. ஆஸ்பத்திரிக் கடிதமே சாட்சி.

"ஓம் பிள்ளை" என்றார். "வரேக்கை நல்ல கண்தான் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் போனது."

மனோஜ் "ஓ" என்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சனாவின் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. சரி அங்கிள், தாங்க்ஸ் அங்கிள் என்று சொல்லிக்கொண்டே அவர்கள் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்கள். காரியம் முடிந்தது. மூர்த்திக்கு நிம்மதியாகவும் இருந்தது, வாயில் ஏதோ கசந்தமாதிரியும் இருந்தது.

"கொஞ்சம் நில்லுங்கோ பிள்ளையள்."

விரிப்புக்குப் பின்னாலிருந்து அன்னம் வந்தார். கொடிக் கம்பத்தைத் தொட்டு, அங்கிருந்து நாலே எட்டில் அவர்கள் முன்னால் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "எனக்குச் சீனி வருத்தம், அதுதான் கண்ணைத் திண்டது. மகன் வயித்திலை இருக்கேக்கை தொடங்கினது, முப்பது வருஷமாச்சு. மருந்தை ஒழுங்காப் போடச் சொல்லி டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை. பிழை என்ரை. வீடு என்ன செய்தது? அதிலை ஏன் பழியைப் போடுறியள்?"

"அன்னம்..." என்று தொடங்கினார் மூர்த்தி.

"நீங்கள் சும்மா இருங்கோ. வாரும் பிள்ளை, நான் காட்டுறன்."

அஞ்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பின்னால் மனோஜ் போனான். மூர்த்தி பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்னம் ஒன்றையும் மறைக்கவில்லை. பின்னறை ஜூலையில் ஈரம் பிடிக்கும், காலையில் ஜன்னலைத் திறந்துவிடவேண்டும். குளியலறைக்குப் போகிற மூன்றாவது பலகை கொஞ்சம் ஆடும், பிள்ளைக்குத் தட்டுப்படும், முதல் வேலையாக அதை அடியுங்கள். முன்னறையில் பதினொரு மணிவரை வெயில் இருக்கும், குழந்தையைக் குளிப்பாட்டி அங்கே கிடத்தலாம். சமையலறையில் எங்கே நின்றாலும் வாசலில் யார் வந்தாலும் கேட்கும். "நான் இந்த வீட்டிலை ஒருநாளும் விழேல்லை" என்று அன்னம் சொன்னது மூர்த்திக்குத் தெளிவாகக் கேட்டது. ரஷ்மி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மொழி புரியாவிட்டாலும், தன் வேலையை வேறொருத்தர் செய்கிறார் என்பது புரிந்திருக்கும்.

எல்லோரும் போனபிறகு வீட்டில் கருவாட்டு வாசனையும் இவர்கள் இரண்டு பேரும்தான் மிச்சம்.

"உமக்காகத்தான் சொன்னனான்" என்றார் மூர்த்தி.

"என்னைத் தரித்திரம் எண்டு சொல்லிப்போட்டு, எனக்காக எண்டுறியள்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை..."

"அந்தப் பிள்ளை வயித்திலை கை வச்சுக்கொண்டு கேட்டிருக்கும், நான் பாக்காட்டியும் எனக்குத் தெரியும். நாளைக்கு அவள் என்னை நினைச்சா என்ன நினைப்பாள்? அந்த வீட்டிலை ஒரு குருட்டு மனிசி இருந்தது, நல்லகாலம் தப்பினம் எண்டுதானே?"

மூர்த்தி சமையலறைத் தொட்டிப் பக்கம் திரும்பினார். வெட்கமாக இருந்தது. கருவாடு பொரித்த தாச்சியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

"இந்த வீட்டை விட்டா நான் என்ன செய்வன் எண்டு ராவும் பகலும் யோசிச்சனீங்கள். எனக்குத் தெரியும். ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாமே?" என்றார் அன்னம். "இந்த வீட்டையும் நான் கண்ணாலையே பழகினனான்? கண் போன பிறகு ஒவ்வொண்டாத் தடவிப் புதுசாப் பழகினனான். ஆறு மாசம் எடுத்தது. ஆரும் எனக்குக் காட்டித் தரேல்லை. இன்னொண்டையும் பழகுவன்."

தாச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இருவது வருஷமா ஞாயிறு ஞாயிறாப் போறியள்" என்றார் அன்னம். இப்போது குரலில் கோபம் குறைந்திருந்தது, அது இன்னும் மோசமாக இருந்தது. "வந்து கதை சொல்லுறியள். நானும் கேக்கிறன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அன்னம் நீரும் வாரும் எண்டு கேட்டனீங்களே?"

"உமக்கு ஒண்டும் தெரியாதே, அங்கை வந்து என்ன செய்யிறது எண்டுதான்..."

"கண் தெரிஞ்ச காலத்திலை?"

மூர்த்தி மனத்துக்குள் கணக்குப் போட்டார். கண் தெரிந்த காலமென்றால் பத்து வருஷத்துக்கு மேல். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை. போன ஞாயிறெல்லாம் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, பத்தரைக்குக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போயிருக்கிறார். ஹாலந்துத் தச்சரைப் பற்றி விசாரித்தார். பொன்சன்பியில் ஒரு அடுப்பில் சமைத்த நாலு குடும்பத்தைப் பற்றி ஒரு வாரம் யோசித்தார். குதிரை என்ன சாப்பிடும் என்றுகூடக் கேட்டறிந்தார். வீட்டிலிருக்கிறவருக்கும் வர ஆசையிருக்குமா என்ற ஒரு கேள்வி அவர் தலைக்குள் வரவேயில்லை. அழுகை வந்துவிடும்போல இருந்தது. மறுபடி தாச்சியைத் தேய்க்கத் தொடங்கினார்.

"தெரியேல்லை அன்னம்" என்றார் கடைசியில். "நான் யோசிக்கேல்லை."

"சரி, அந்தத் தாச்சியை வையுங்கோ, தேய்ஞ்சு ஓட்டை விழப்போகுது" என்றார் அன்னம்.

மூன்றாம் ஞாயிறு கருவாடு பொரிக்கவில்லை. ஏலத்தில் கூரை பார்த்த இருவரும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றுகொண்டார்கள். வீடு மனோஜுக்கும் அஞ்சனாவுக்கும் போனது. அடுத்த நாள் அஞ்சனா ஒரு பெட்டி இனிப்போடு வந்து அன்னத்தின் காலில் விழப்போக, ஐந்து மாத வயிற்றோடு குனியாதே என்று அன்னம் அதட்டினார். காலி செய்யும் நோட்டீஸ் வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது.

அந்த ஞாயிறு காலை பத்தரைக்கு மூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அன்னம் சேலை கட்டி, ஸ்வெட்டர் போட்டு, கைப்பையோடு தயாராக இருந்தார். தகனினியில் வாடகைக்கு ஒரு வீடு. வாசலில் ஏற்கெனவே எட்டுப் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாம் இளம் குடும்பங்கள். மூர்த்தி அன்னத்தின் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்தார். இருவரும் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்கள். மூர்த்தி வழக்கம்போல உள்ளே கால் வைக்கப்போனார்.

"நீங்கள் இஞ்சையே நில்லுங்கோ" என்றார் அன்னம்.

"எப்பிடி... படி இருக்கு..."

"தட்டுப்பட்டாத் தெரியும். நில்லுங்கோ."

தோளைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து, வலது கையால் சுவரைத் தொட்டபடி அன்னம் உள்ளே போனார். ஒரு முறை எதிலோ இடித்த சத்தம் கேட்டது. மூர்த்தியின் கால் தானாகவே முன்னால் போய், பிறகு நின்றது. இருபது வருஷத்தில் முதல்தடவையாக அவர் ஒரு வீட்டு வாசலில், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் நின்றார். பார்க்கவேண்டும்போல உடம்பெல்லாம் அரித்தது. உள்ளே கதவு திறக்கிற சத்தம், குழாய் திறக்கிற சத்தம், சுவரை விரலால் தட்டுகிற சத்தம் வந்தது. வரிசையிலிருந்தவர்கள் அவரைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். யாரையாவது நிறுத்தி அன்னம் எங்கே நிற்கிறார் என்று கேட்கலாமா என்று யோசித்தார். கேட்கவில்லை.

கால்மணி நேரம் கழித்து அன்னம் திரும்பி வந்தார். நெற்றியில் ஒரு சின்ன சிவப்பு. முகத்தில் மூர்த்தி வெகுகாலம் காணாத ஒரு துள்ளல் இருந்தது.

"என்ன அன்னம், எப்பிடி வீடு?"

"சுவரெல்லாம் வெறும் அட்டை. மோட்டர்வே இரைச்சல் படுக்கைக்குள்ளையே கேக்குது" என்றார் அன்னம், அவருடைய தோளைப் பிடித்துச் சப்பாத்தைக் காலால் தேடியபடி. "முந்தி இருந்தவைக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். முழங்கால் உயரத்துக்குச் சுவரெல்லாம் ஒரே பசை. அடுப்புக்கு மேலை இருக்கிற தட்டிலை வெந்தய வாசம், எங்கடை ஆக்களாத்தான் இருக்கும். ஆனா அவசரமாப் போயிருக்கினம். அலுமாரிக்குள்ளை ஒரு பிள்ளைச் சப்பாத்து, ஒண்டு மட்டும் கிடக்குது. ஏன் போனவை எண்டுதான் விளங்கேல்லை."

மூர்த்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போயிருக்குமோ, விசா முடிந்திருக்குமோ என்று அவருக்கு ஆயிரம் கேள்வி வந்தது.

"அடுத்தது எத்தினை மணிக்கு?" என்று கேட்டார் அன்னம்.

"பன்னிரண்டுக்கு. மங்கரேயிலை."

"அப்ப கெதியா வாருங்கோ. அதுக்கும் நான்தான் முதல் போவன்."